மாலை மூன்று மணிக்குப் பிறகும் அது பள்ளிக்கூடம்தான்

நியூயார்க் மாநிலத்தில் 2025ஆம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. தனியார் பள்ளிகள் எல்லாமே, யூத மதப் பள்ளிகள் உட்பட, ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் வரலாறும் அரசுப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய இணையாகச் சொல்லித்தர வேண்டும் என்ற விதிமுறை செல்லும் என்று மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதமே, பட்ஜெட்டோடு பட்ஜெட்டாக ஒரு திருத்தத்தைச் செருகி, அந்த விதிமுறையின் பல்லைச் சட்டமன்றம் பிடுங்கியிருந்தது. பள்ளிகளுக்கு 2032-33 கல்வியாண்டு வரை அவகாசம் கிடைத்துவிட்டது. 2025இல் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது ஆகியிருக்கும். ஒட்டுமொத்தமாக ஓட்டுப்போடும் ஒரு சமூகத்தைப் பகைத்துக்கொள்ள அரசியல்வாதிகள் தயங்கினார்கள் என்பதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை. வாக்கு வங்கி என்பது நம் ஊரில் மட்டும் இருக்கும் சமாச்சாரம் அல்ல.

நான் கணக்கு வாத்தியார். நாகர்கோவில் பக்கத்தில் சாக்பீஸ் பிடிக்கத் தொடங்கி, நியூயார்க் நகர அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்றவன். பகலில் அரசுப் பள்ளி விட்டதும், ப்ரூக்ளினில் ஃப்ளாட்புஷ் வட்டாரத்தில் இருந்த ஒரு யூத உயர்நிலைப் பள்ளிக்கு நடந்துபோய் மாலை வகுப்பு எடுப்பது பல வருடம் என் வழக்கமாக இருந்தது. கூடுதல் வருமானத்துக்காகத்தான் போனேன். என்னைப் போல அரசுப் பள்ளி வாத்தியார்கள் இன்னும் சிலரும் வந்தார்கள். அந்த வகுப்பறைகளில் பார்த்ததை வைத்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஆங்கிலமும் கணக்கும் அந்தப் பிள்ளைகளின் மதத்துக்கு எதிரி அல்ல. அவற்றை மறுப்பதும் தவறு, ஒப்புக்குக் கொடுப்பதும் தவறு.

முதலில் அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். யெஷிவா என்று பெயர். காலை பிரார்த்தனையோடு நாள் தொடங்கும். பிறகு மதியம் வரை, சில நாள் அதற்கு மேலும், தால்முத் படிப்பு. தால்முத் என்பது யூதச் சட்டங்களையும் அவற்றின் மீதான விவாதங்களையும் அரமேய மொழியிலும் ஹீப்ருவிலும் தொகுத்த பெருநூல். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரு வரியை எடுத்துவைத்துக்கொண்டு உரக்கச் சண்டை போடுவார்கள். பெரிய கூடம், நூறு குரல்கள். நம் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் பிரம்போடு வந்திருப்பார். அங்கே சத்தம் இல்லாவிட்டால்தான் ரப்பிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, கவலை.

மூன்று மணி வாக்கில் நாங்கள் உள்ளே நுழைவோம். கணக்கு, அறிவியல், அமெரிக்க வரலாறு எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே ‘இங்கிலீஷ்’ என்றுதான் பேச்சு வழக்கு. கறுப்புத் தொப்பிகள் லாக்கர்களின் மேல் வரிசையாக ஏறியிருக்கும். விடியலில் எழுந்த பையன்கள், அதற்குள் ஒரு முழு நாள் படித்து முடித்தவர்கள், என் இயற்கணிதத்துக்காகக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஆறு மணி சுமாருக்கு நாங்கள் முடிப்போம். அவர்கள் சாப்பிட்டுவிட்டு மறுபடி தால்முத்துக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை மாலை கிடையாது, சப்பாத் என்ற வார ஓய்வு நாள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஜூன் மாதம் மாநில அரசின் ரீஜன்ட்ஸ் தேர்வு எழுதியாக வேண்டும்.

எல்லா யூதப் பள்ளிகளும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மதப்படிப்பையும் பொதுப்படிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்த முதல் யூத உயர்நிலைப் பள்ளியை அமெரிக்காவில் பெர்னார்ட் ரெவல் என்ற ரப்பி 1916இலேயே நியூயார்க்கில் தொடங்கிவிட்டார். அந்த வழியில் வந்த நவீனப் பள்ளிகளில் கால்குலஸும் ஷேக்ஸ்பியரும் தால்முத்தோடு சேர்ந்தே நடக்கின்றன. அங்கிருந்து நல்ல கல்லூரிகளுக்குப் போகிறார்கள். இன்னொரு முனையில் வில்லியம்ஸ்பர்க், பரோ பார்க் வட்டாரங்களின் ஹசீதியர்கள் என்ற தீவிர ஆசாரப் பிரிவினர். அவர்களின் பையன்கள் பள்ளிகள் பலவற்றில் இத்திஷ்தான் பேச்சு மொழி. ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்து வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதுவும் பதின்மூன்று வயதோடு சரி. உயர்நிலைப் பள்ளி வயதில் அறவே கிடையாது. நான் வேலை பார்த்த பள்ளி இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அந்தக் கடைசி முனையைப் பற்றித்தான் தொடக்கத்தில் சொன்ன வழக்கு. ஹசீதியக் குடும்பத்தில் பிறந்து அதே பள்ளிகளில் படித்த நஃப்துலி மோஸ்டர் தொடங்கிய அமைப்பு, 2015இல் 39 பள்ளிகளின் பட்டியலோடு நகரக் கல்வித்துறையிடம் புகார் கொடுத்தது. நகராட்சி இழுத்தடித்து 2019 கடைசியில் ஓர் அறிக்கை விட்டது. பார்வையிட்ட 28 பள்ளிகளில் இரண்டுதான் தேறின. 2022 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு பெரிய புலனாய்வை வெளியிட்டது. ஒரு ஹசீதியப் பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 2019இல் மாநிலத் தேர்வை எழுதினார்கள், வாசிப்பிலும் கணிதத்திலும் ஒருவர்கூடத் தேறவில்லை என்றது அது. ஒருவர்கூட! இந்தப் பள்ளிகளுக்கு நான்காண்டுகளில் நூறு கோடி டாலருக்கும் மேல் பொதுப்பணம் போயிருந்ததையும் அந்தச் செய்தி சொன்னது. அந்த வாரமே மாநிலக் கல்வி வாரியம் ஏகமனதாகப் புதிய விதிமுறையைக் கொண்டுவந்தது. அதற்குத்தான் 2025இல் ஒரு கையால் தீர்ப்பும் மறு கையால் வாய்தாவும் கிடைத்தன.

அந்தச் சமூகம் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய பெலாரூஸில் உள்ள வோலோஜின் ஊரில் இருந்த யெஷிவா, யூத உலகின் பெரிய கல்விச்சாலைகளில் ஒன்று. பொதுப்பாடங்களை வைத்தே தீர வேண்டும் என்று ரஷ்ய அரசு நெருக்கியதில் அது 1892இல் மூடப்பட்டது. பாடத்திட்டத்தின் வழியாகத்தான் அரசு உள்ளே வரும், வந்தால் பிள்ளைகளை மாற்றாமல் விடாது என்ற பயம் அந்த அனுபவத்தில் ஊறியது. ஐரோப்பாவில் நாஜிகள் அழித்த ஒரு வாழ்க்கையை ப்ரூக்ளினில் மறுபடி நட்டு வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ‘நாங்கள் பிழைத்ததே இறுக்கமாக இருந்ததால்தான்’ என்று அவர்கள் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவர்கள் சொல்லும் இன்னொரு வாதம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தைத் தொடுகிறது. தால்முத்தே மூளைக்கு வேண்டிய பயிற்சியைக் கொடுத்துவிடுகிறது, தனியாகக் கணக்கு எதற்கு என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் கண்ணால் பார்த்தவன்.

ஒன்பதாம் வகுப்பு ஒரு குளிர்கால மாலையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, தால்முத்தில் வரும் ஒரு பழைய வழக்கைக் கரும்பலகையில் எழுதினேன். ஒருவன் மூன்று மனைவிகளை விட்டு இறந்துபோகிறான். திருமண ஒப்பந்தப்படி அவர்களுக்குச் சேர வேண்டியது முறையே 100, 200, 300. சொத்து அவ்வளவு இல்லை. எப்படிப் பிரிப்பது? ‘கெசூபோஸ், தொண்ணூற்று மூன்றாம் ஏடு’ என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அவர்களுக்கு விடையும் தெரியும். சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம். 300 என்றால் 50, 100, 150. அது விகிதப்படி. ஆனால் 200 என்றால் 50, 75, 75. இது சமமும் இல்லை, விகிதமும் இல்லை. இந்த நடு வரி பல நூறு ஆண்டுகள் உரைகாரர்களைத் திணற வைத்தது.

அடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படியான இன்னொரு வழக்கைக் கேட்டேன். ஒரு துணியை இருவர் பிடித்திருக்கிறார்கள். ஒருவன் முழுதும் என்னுடையது என்கிறான், மற்றவன் பாதி என்னுடையது என்கிறான். முதல்வனுக்கு முக்கால், அடுத்தவனுக்குக் கால். ஏன்? ஒரு பாதியில் தகராறே இல்லை, அது முதல்வனுக்கு. தகராறு உள்ள மற்றப் பாதியை இரண்டாக்கு. இப்போது முதல் இரண்டு மனைவிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்றேன். 50ம் 75ம் சேர்த்து 125. நூறு கேட்பவள் மிச்சம் 25ஐ விட்டுக்கொடுக்கிறாள். பாக்கி நூறில் தகராறு, ஆளுக்கு 50. ஆக அவளுக்கு 50, மற்றவளுக்கு 75. எந்த இருவரை எடுத்தாலும், எந்த வரியை எடுத்தாலும், இதே துணி வழக்கின் நியாயம்தான். வகுப்பு விழித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் எனக்கே இடம் இல்லாமல் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு மனைவி என்றால்? சொத்து 250 என்றால்? எப்போதும் ஒரே ஒரு விடைதான் வருமா, அதை நிரூபிக்க முடியுமா?

இந்த நிரூபணத்தைக் கொடுத்தவர் ராபர்ட் ஆமன். 1985இல் மைக்கேல் மாஷ்லரோடு சேர்ந்து விளையாட்டுக் கோட்பாட்டின் வழியாக இந்தப் புதிரை அவிழ்த்தார். 2005இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஜெர்மனியிலிருந்து 1938இல் தப்பி நியூயார்க்குக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அவர் படித்த உயர்நிலைப் பள்ளி மன்ஹாட்டனில் இருந்த ஒரு யெஷிவாதான். தன்னைக் கணிதத்துக்குள் இழுத்தவர் அங்கே இருந்த ஜோசப் கான்ஸ்லர் என்ற ஆசிரியர் என்று ஆமன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சின்ன வகுப்பு, பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அவர் வடிவியல் நடத்துவாராம். தால்முத்தா கணிதமா என்று ஊசலாடிக்கொண்டு இரண்டையும் சில காலம் சேர்த்தே படித்த அந்த இளைஞர், பிறகும் ஆசாரமான யூதராகவே வாழ்ந்துவந்தார். அந்த யெஷிவாவில் ‘இங்கிலீஷ்’ நேரம் இல்லாதிருந்தால், 93ஆம் ஏட்டின் நடு வரி புதிராகவே கிடந்திருக்கும். நஷ்டம் கணிதத்துக்கு மட்டும் அல்ல, தால்முத்துக்கும்தான்.

இனி அந்த வாதத்தின் மறு பாதி. வில்லியம்ஸ்பர்க் பள்ளி ஒன்றிலிருந்து பதினான்கு வயதில் எங்கள் பள்ளிக்கு மாறி வந்த ஒரு பையன் எனக்கு வாய்த்தான். தால்முத்தில் சூரன் என்று ரப்பியே சொன்னார். துணி வழக்கை என்னைவிட அழகாக விளக்கினான். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டான். அரையோடு எதையோ கூட்டினால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று கேட்டதும் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டான். புத்திக்குக் குறைவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். தர்க்கம் தானாக வரலாம், பொதுப் பகுதி எண் தானாக வராது. வீட்டு வாடகை ஒப்பந்தம், கடன் வட்டி, குழந்தைக்கான மருந்தின் அளவு இவையெல்லாம் அந்தப் பின்னத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். எங்களோடு ஆங்கிலம் எடுத்த சக ஆசிரியர் ஒருவர் சொல்வார்: இந்தப் பையன்கள் ஒரு வாக்கியத்தின் மேல் அரை மணி நேரம் வாதாடுவார்கள், ஆனால் ஒரு பத்தி எழுதச் சொன்னால் தன் கருத்தைச் சொல்வதற்கு முன்பே எதிராளியின் கருத்தை மறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் அதையே பிடித்துக்கொண்டார். ‘உன் கருத்து, அதற்கு ஆதாரம், அதன் மேல் ஒரு கேள்வி, அதற்குப் பதில்’ என்று கரும்பலகையில் எழுதிவைத்தார். இது எங்கள் காலை வகுப்பு மாதிரியே இருக்கிறதே என்றான் ஒருவன். ரீஜன்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் அந்த வருடம் வகுப்பு நன்றாகவே தேறியது. சொந்த மரபிலிருந்தே பாடத்துக்கு வழி போடலாம் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மரபும் பொதுக்கல்விக்கு எதிராகவே இருந்ததில்லை. லித்துவேனியாவின் மாபெரும் தால்முத் அறிஞரான வில்னா காவோனின் ஊக்கத்தில், அவருடைய வட்டத்தைச் சேர்ந்த ஷ்க்ளோவ் ஊர் பாரூக் என்ற அறிஞர் யூக்ளிடின் வடிவியலை ஹீப்ருவில் மொழிபெயர்த்து 1780இல் அச்சிட்டார். பிற அறிவில் ஒரு பங்கு குறைந்தால் தோரா என்ற யூத வேத அறிவில் நூறு பங்கு குறையும் என்ற பொருளில் காவோன் சொன்னதாக அந்நூலின் முன்னுரையில் இருக்கிறது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் 1853இல் இரண்டு கல்வியும் சேர்ந்த பள்ளியை நடத்திக்காட்டினார். மகனுக்குத் தொழில் கற்றுத்தராத தகப்பன் அவனுக்குத் திருட்டைக் கற்றுத்தந்தவன் போல என்கிறது தால்முத்தே.

இது பெற்றோரின் உரிமை என்றும் அந்தச் சமூகத்தினர் வாதிடுகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1972 யோடர் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். ஆமிஷ் பிரிவினர் தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு அனுப்பத் தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் எட்டாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கணக்குப்போடக் கற்றார்கள். அதற்கு மேல் நிலத்தில் இறங்கித் தொழில் கற்றார்கள். இவற்றை வைத்துத்தான் நீதிமன்றம் இசைந்தது. ப்ரூக்ளினில் நிலம் ஏது? எட்டுப் பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில், நகரத்து வாடகையில், பெரியவன் என்ன வேலைக்குப் போவான்? சமூகத்தை விட்டு வெளியேறப் போகிற பையனுக்காக நான் பேசவில்லை. அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே தாடி நரைக்கப் போகிறவனுக்காகத்தான் பேசுகிறேன். அவனுக்குத்தான் இந்த ஊரின் மொழியும் கணக்கும் அதிகம் தேவை.

இதில் ஒரு வினோதம் உண்டு. அதே வீட்டுப் பெண் பிள்ளைகள் ஆங்கிலமும் கணக்கும் நன்றாகவே படிக்கிறார்கள். பெண்களுக்குத் தால்முத் படிப்பு கடமை இல்லை என்பதால் அவர்களின் பள்ளிகளில் நேரம் இருக்கிறது. க்ராக்கோவில் தையல் வேலை செய்துவந்த சாரா ஷெனிரர் 1917இல் பெண்களுக்காகத் தொடங்கிய பெய்த் யாகோவ் பள்ளிகள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. இஸ்ரேலில் இதன் விளைவை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். அங்கே தீவிர ஆசார யூதர்களில் பெண்கள் ஐந்தில் நான்கு பேர் வேலைக்குப் போகிறார்கள், ஆண்களில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆண்பிள்ளைகளின் உயர்நிலை யெஷிவாக்களுக்கு 2008இல் கொண்டுவந்த சட்டம் அடிப்படைப் பாடங்களிலிருந்து விலக்கே அளித்துவிட்டது. பெண் கற்றதால் அந்த வீடுகளில் மதம் மங்கிவிடவில்லை. பிறகு பையன் கற்றால் மட்டும் எப்படி மங்கும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘இங்கிலீஷ்’ நடத்துகிற பள்ளிகள் எல்லாம் யோக்கியம் என்று நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். பண்டிகை வந்தால் முதலில் அடிபடுவது மாலை வகுப்பு. விருந்தினராக ஒரு பெரிய ரப்பி வந்தால் மாலை வகுப்பு ரத்து. காலையில் தால்முத் வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் தகப்பனுக்குத் தொலைபேசி போகும், என் வகுப்புக்கு வராவிட்டால் கேட்பாரில்லை. எங்களுக்கு மணிக்கணக்குச் சம்பளம், அடுத்த வருடம் இருப்போமா என்பது ஆகஸ்டில்தான் தெரியும். பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று யாரும் அவர்களுக்கு வாயால் சொல்லத் தேவையில்லை. அரசு அதிகாரிகளோ வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று கால அட்டவணையை அளக்கிறார்கள். நிமிடத்தைக் காகிதத்தில் எழுதிக்காட்ட எந்தப் பள்ளிக்குத்தான் தெரியாது?

இந்தக் கேள்வி நமக்கும் அந்நியம் அல்ல. நம் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மதரசாக்களையும் வேத பாடசாலைகளையும் அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. உத்தரப் பிரதேச மதரசாச் சட்டம் செல்லும் என்று 2024 நவம்பரில் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், கல்வித் தரத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னது. நடத்தும் உரிமை சமூகத்துக்கு, தரத்தைக் கேட்கும் கடமை அரசுக்கு என்ற இந்தப் பிரிவினை சரியானது.

நியூயார்க் அரசுக்கு நான் சொல்வது இதுதான். நிமிடங்களை எண்ணுவதை விடுங்கள். பதின்மூன்று வயதில் ஒவ்வொரு பையனும் ஒரு செய்தித்தாள் பத்தியைப் படித்துப் பொருள் சொல்கிறானா, ஒரு கடிதம் எழுதுகிறானா, பின்னமும் சதவீதமும் போடுகிறானா என்று வெளியாட்களை வைத்துப் பாருங்கள். முடிவைப் பெற்றோர் கையில் கொடுங்கள். தால்முத் வகுப்புக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. தருகிற பணத்தில் ஒரு பகுதியை மாலை வாத்தியாரின் நிரந்தரச் சம்பளத்துக்கு என்றே ஒதுக்குங்கள். தேறாத பள்ளியை மூடுவதாக மிரட்டுவதற்கு முன்னால், ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தர ஆள் கொடுங்கள். அதற்குப் பிறகும் மறுக்கிற பள்ளிக்குப் பணத்தை நிறுத்துங்கள். அதற்கு ஏழெட்டு வருட அவகாசம் தேவையில்லை.

ரப்பிகளுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். உங்கள் பையன்களிடம் கேள்வி கேட்கும் பழக்கத்தை நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் எந்த அரசுப் பள்ளியிலும் நான் அப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அந்தப் பிள்ளைகளைக் களைத்துப்போன நேரத்தில், தயங்கித் தயங்கி, எங்களிடம் அனுப்பாதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கணக்கைக் காலையில் வையுங்கள். உங்களில் ஒருவர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருங்கள். ரப்பியே வந்து கேட்கிற பாடம் என்று தெரிந்துவிட்டால், மாணவனுக்கு அதற்கு மேல் எந்தச் சட்டமும் தேவைப்படாது.